பின் இருக்கைக்கு ஏற்ற ஸ்பிரிங்

என் வண்டியின் பின்புறம் அப்போதெல்லாம் சற்றுத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அது பழுதல்ல, நானே கேட்டுப் போட்டுக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கும் யாரும் அதை ஆள் ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. விதைநெல், யூரியா, மோட்டாருக்கு டீசல் கேன், அறுவடை முடிந்து வீட்டுக்கு வரும் சாப்பாட்டு நெல் எல்லாம் டிக்கியில்தான் போகும். டிராக்டர் கிடைக்காத நாட்களில் நானும் அப்படித்தான் ஏற்றினேன். கம்பெனி போட்டுக் கொடுத்த பின் ஸ்பிரிங்குகள் சீக்கிரமே அமுங்கி, வண்டி பின்னங்காலை மடக்கிய மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. திருச்சியில் டாக்ஸிக்காரர்கள் வாங்கும் கடையில் தடித்த கம்பி ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். மூட்டை ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்கும். காலியாகப் போனால் சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரியும். நீடாமங்கலத்தில் நில அளவைப் பிரிவில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொஞ்ச தூரம்தான். அந்தத் தூரத்துக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மாசி மாதத்தில் என் மனைவியின் முதுகெலும்பில் நோய் இறங்கியிருப்பது தெரிந்தது. முதலில் மார்பில் வந்து, அறுத்து எடுத்து, போய்விட்டது என்று நாங்கள் நம்பியிருந்த நோய்தான். தஞ்சாவூரில் அவளைப் பார்த்துவந்த பெண் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகள் கரையான் அரித்த விட்டம்போல இருந்தன.

"கரண்ட் வைக்கணுங்க, ரேடியேஷன். நோய் போறதுக்கு இல்லை, வலி குறையறதுக்கு. விடாம தினம் வரணும். நடுவுல நிறுத்திட்டீங்கன்னா பிரயோஜனம் இருக்காது" என்றார். எழுந்து வரும்போது என்னை நிறுத்தி, "குலுங்காம கூட்டிட்டு வாங்க. அந்த எலும்பு இனிமே எதையும் தாங்காது" என்றார்.

மருத்துவமனையிலேயே தங்கலாம் என்றார்கள். அவள் ஒப்பவில்லை. "இங்க படுத்தா பக்கத்துக் கட்டில்காரி எப்ப போவாள்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அவளும் என்னை அப்படித்தான் பாப்பா. நான் என் வீட்டுலயே படுத்துக்கறேன்" என்றாள். ஆம்புலன்ஸ் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றபோது, "அண்ணாந்து பாத்துக்கிட்டே போறதா? வேணாங்க. ஏற்கெனவே போயிட்ட மாதிரி இருக்கும்" என்றாள்.

ஆகவே எங்கள் வண்டிதான். பின் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு, முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவள் வர வேண்டும். தினமும் போய்த் தினமும் திரும்ப வேண்டும். அந்த வைத்தியத்தை அவள் முடிப்பாளா, பாதியில் விடுவாளா என்பது என் கையில் இருந்ததாக நினைத்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு பின் ஸ்பிரிங்குகளில் இருந்ததாக.

முதல் நாள் போனது நினைவிருக்கிறது. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. தஞ்சாவூர் போவதென்றால் நீடாமங்கலத்துக்குள் ரயில்வே கேட்டைத் தாண்டி, அம்மாபேட்டை, சாலியமங்கலம் வழியாகப் போக வேண்டும். சம்பா அறுவடை முடிகிற நேரம். சாலையில் பாதி தூரத்துக்கு ஒரு பக்கம் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். எதிரே பஸ் வந்தால் நான் மண்ணில் இறங்கி ஏற வேண்டும். இறங்கும்போது ஒரு அடி, ஏறும்போது ஒரு அடி. எந்த அடி அவளுக்கு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் துண்டின் முனையைப் பல்லுக்கிடையில் வைத்திருந்தாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. என் மூஞ்சியில பள்ளம் இல்லை" என்றாள்.

மறுநாள் மாலையே மெக்கானிக்கிடம் போனேன். என் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து அவர்தான் வேலை பார்க்கிறார். வளைகுடாவில் பல வருடம் பெரிய கம்பெனி ஒன்றின் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிக் கடை வைத்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடியது. ஆனால் வாடிய முகத்தோடு அவரால் அதிக நேரம் இருக்க முடியாது.

"அங்கல்லாம் சீட்டுல முட்டையைத் தட்டோட வச்சுக்கிட்டுப் போவலாம் சார். இங்க கடையிலேருந்து வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆம்லெட்டு. ரோட்டைத்தான் மாத்தணும், ஸ்பிரிங்கை மாத்தி என்ன பண்றது?"

"ரோட்டை நான் மாத்த முடியாது பாய். ஸ்பிரிங்கை மாத்தலாம்."

வண்டியைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு சுத்து வெட்டி எடுத்துருவோம். தொப்புனு உக்காந்துரும். உக்காந்தா ஆடாது."

"வெட்டினா இன்னும் இறுகிப் போயிடும். கம்பி நீளமா இருந்தாத்தான் அமுங்கிக் கொடுக்கும்."

"யாரு சொன்னா?"

"படிச்சேன்."

"எதுல?"

"செல்லுல."

"செல்லுல படிச்சவங்க வண்டியெல்லாம் கடைசியா எங்கிட்டதான் சார் வருது" என்று சிரித்தார். ஆனால் வெட்டவில்லை. நான் எடுத்துப் போயிருந்த அளவுகோலால் கம்பியின் தடிப்பை அளந்தோம். பாய் நினைவிலிருந்து சொன்ன பழைய ஸ்பிரிங்கின் அளவைவிட இது ஒரு மில்லிமீட்டர் அதிகம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஒன்றில் இறுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பழைய ஜோடி அவரிடம் இல்லை. காயலான் கடைக்குப் போய்விட்டது. என் வண்டியைக் கம்பெனியே இப்போது செய்வதில்லை என்பதால் புதிதாக எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும் என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் லோடு ஏத்துங்க. லோடுக்குப் போட்ட ஸ்பிரிங்கு லோடு இருந்தா சாதுவா இருக்கும்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் சரிதான். தடித்த ஸ்பிரிங் கனத்தின் கீழ் அமுங்கியிருக்கும்போது பள்ளத்தில் வெடுக்கென்று எம்பாது.

மறுநாள் காலை மூன்று மூட்டை நெல்லை டிக்கியில் ஏற்றினேன். ஏற்றுவதை அவள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறமா, கொள்முதலுக்குப் போறமா?"

"கனத்துக்கு."

"அதுக்கு ஏன் நெல்லு? எங்க சின்ன நாத்தனாரைக் கூப்பிட்டு உக்கார வைங்க, ஒரே ஆளு போதும்."

என் தங்கையைத்தான் சொன்னாள். வலி வந்த பிறகும் என் வீட்டாரைக் கிண்டல் செய்யாமல் விடுகிறவள் அல்ல அவள். அன்று சிரித்துவிட்டேன். மூட்டையோடு போன முதல் நாள், வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். "கம்பால அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப துணியைச் சுத்தின கம்பு" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே மூன்று மூட்டை தினமும் தஞ்சாவூர் போய்த் தினமும் திரும்பியது. ஊரில் பேச்சு கிளம்பியது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர், என்னைவிட மூத்தவர், ஒரு நாள் காலை தெருமுனையில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன். அவர் பார்வை நேராக டிக்கிப் பக்கம் போனது.

"என்ன தம்பி, தெனம் மூட்டை போவுது? தஞ்சாவூர்ல எந்த யாவாரி?"

"யாவாரி இல்லண்ணே. வண்டிக்குக் கனம் வேணும்னு."

"கனத்துக்கா? சொல்ல விருப்பமில்லைன்னா விடு. நாங்க கொள்முதல் நிலையத்துல தார்ப்பாயைப் போத்திக்கிட்டுக் கெடக்கோம். நீ ஏசி வண்டியில நெல்லு ஏத்திக்கிட்டுப் போற. ஒரு வார்த்தை சொன்னா நாலு பேரு பொழைப்போம்ல?"

பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "நெல்லு மட்டும் இல்லண்ணே, நானும் விலைக்குத்தான் போறேன். அங்க யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க. தெனம் திருப்பிக் கூட்டியாந்துடறாரு."

அவர் குனிந்து பார்த்தார். அவள் படுத்திருந்ததை அதுவரை அவர் கவனிக்கவில்லை. "தங்கச்சியா... பாக்கலம்மா, பாக்கல" என்று சொல்லி, சாலையை விட்டு விலகி, என் வண்டி திரும்பும் வரை அப்படியே நின்றார். அதன் பிறகு எங்களை யாரும் நிறுத்தவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் ஆவதற்குள் புது நெல்லின் வாசனை அவளுக்கு ஆகவில்லை. கரண்ட் வைத்துத் திரும்பும்போது குமட்டல் எடுத்தது. கண்ணாடியை இறக்கினால் வெளியேயும் அதே வாசனைதான், சாலை முழுவதும் நெல். மூட்டைகளை இறக்கிவிட்டு, வீடு கட்டியபோது மிஞ்சிக் கொல்லையில் கிடந்த மணலைச் சாக்கில் அள்ளி வைத்தேன். அதே எடையைச் சிறிய இடத்தில் வைக்க முடிந்தது. பின் சக்கரங்களுக்கு நேர் மேலே வரும்படி அடுக்கி வைத்ததில் எனக்கு ஒரு திருப்தி. ஆனால் ஆற்று மணலைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு இந்த மாவட்டங்களில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அம்மாபேட்டைக்கு முன்னால் வண்டிச் சோதனை. டிக்கியைத் திறக்கச் சொன்னார் ஒரு காவலர்.

"என்ன இது?"

"மணல்."

"அது தெரியுதுங்க. எதுக்கு?"

"ஸ்பிரிங்குக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லாரியில கடத்துவாங்க, மாட்டு வண்டியில கடத்துவாங்க. கார் டிக்கியில இப்பத்தான் பாக்கறேன். எந்த ஆத்துல அள்ளுனது?"

வீடு கட்டியபோது மிஞ்சியது, கம்பி தடித்தது, காலியாக இருந்தால் தூக்கிப் போடும் என்று நான் வரிசையாக விளக்க ஆரம்பித்தேன். அவர் பின் இருக்கையின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். தலையணை, பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பை, தலையில் சுற்றிக் கட்டிய துணி. நான் பேசி முடிக்கும் முன்பே டிக்கியை இறக்கினார். அடித்து மூடாமல், சத்தம் வராதபடி உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

"மெதுவாப் போங்க" என்றார்.

"இதைவிட மெதுவாப் போனா நடந்துதான் போவணும்" என்றாள் அவள், வண்டி நகர்ந்ததும்.

முதல் சுற்று முடிந்தது. வலி குறைந்தது உண்மை. நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். கொல்லைப்புறம் வரை நடந்தாள். நான் மணல் சாக்குகளை இறக்கி வைத்தேன். ஆனால் தூக்கி எறியவில்லை.

பங்குனியில் வலி முதுகின் மேல்பகுதிக்கு ஏறியது. மறுபடி படம், மறுபடி கரண்ட், மறுபடி தினப் பயணம். இந்த முறை ஸ்பிரிங் வந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டு ஜோடி. ஒன்று என் வண்டிக்கே உரிய கம்பெனி ஸ்பிரிங், கம்பியில் மஞ்சள் பொட்டு. இன்னொன்று அதே வண்டியின் சின்ன இன்ஜின் மாடலுக்கு வருவது, இன்னும் மெல்லிய கம்பி, பச்சைப் பொட்டு. மெக்கானிக் இரண்டையும் மேசைமேல் நிற்க வைத்துக் கையால் அழுத்திப் பார்த்தார், ஏதோ கையால் அழுத்தினால் தெரிந்துவிடும்போல. நானும் அழுத்தினேன்.

"பச்சை போடுங்க சார். மெத்தை மாதிரி இருக்கும்."

முதலில் பச்சையைப் போட்டோம். அவளைப் படுக்க வைப்பதற்கு முன் நானே பார்த்துவிட வேண்டும் என்று, பாயை ஓட்டச் சொல்லி, அவள் படுக்கும் விதமாகவே பின் இருக்கையில் படுத்தேன். அதுவரை அந்த இடத்திலிருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. மின்கம்பியும் தென்னையின் தலையும் மட்டும் ஓடின. எந்த ஊர் என்று தெரியவில்லை. பள்ளம் வருவதை முன்கூட்டி அறிய வழியில்லை.

"சார், வசதியா இருக்கா? பாட்டுப் போடவா?"

"பேசாம ஓட்டுங்க பாய்."

"எங்கிட்ட சொல்லுங்க சார், எங்க வலிக்குதுன்னு."

எங்கும் வலிக்கவில்லை. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கினார், வேகத்தடையில் ஏறி இறங்கினார், எனக்குத் தாலாட்டுவது போலத்தான் இருந்தது. திரும்பி வந்து, கழற்றி, மஞ்சளைப் போட்டு, மறுபடி அதே சாலை. அப்போதும் வலிக்கவில்லை. கடைசியில் பழைய தடித்த ஸ்பிரிங்கையும் ஒரு முறை போட்டுப் படுத்துப் பார்த்தேன். குலுங்கியது, அவ்வளவுதான். என் முதுகு நல்ல முதுகு. அதை வைத்து அவளுடைய எதையும் அளக்க முடியாது. அன்று மாலை முழுவதும் மூன்று ஜோடி ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிக் கழற்றிப் போட்ட பிறகு எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பச்சையோடு அவளைக் கூட்டிப்போனேன். அம்மாபேட்டை வரை சரியாகத்தான் போனது. பிறகு ஒரு வாய்க்கால் பாலம். பாலத்துக்கு முன்னால் தார் உள்வாங்கியிருந்தது. வேகத்தைக் குறைத்துத்தான் இறங்கினேன். மெல்லிய ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, அமுங்க இடமில்லாமல், அடியில் உள்ள ரப்பரில் போய் இடித்தது. அவள் கத்தினாள். இரண்டு மாதத்தில் அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

கொஞ்சம் தெளிந்ததும் சொன்னாள், "சின்னச் சின்னதா வந்தா பல்லைக் கடிச்சுக்கலாங்க. வரப்போவுதுன்னு தெரியும். இது கொஞ்சிக்கிட்டே வந்து குத்துது. உங்க அம்மா மாதிரி."

அன்றே பச்சையைக் கழற்றி மஞ்சளைப் போடச் சொன்னேன். அதிர்வு தாங்கிகளையும் புதிதாக மாற்றினோம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு சாக்கு மணல் மட்டும் திரும்ப ஏறியது. சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து பார்த்தேன், ஒரே அளவு. மூன்று மூட்டை இல்லாமலேயே வண்டி மட்டமாக நின்றது.

சித்திரை பிறக்கும் சமயம் உளுந்து அறுவடை. செடியைப் பிடுங்கி வந்து சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போனால் காய் உடைந்து பயறு பிரியும். அடித்து உதிர்க்கும் வேலை மிச்சம். வண்டியோட்டிகள் திட்டிக்கொண்டே போவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். அந்த வருடம் முதல் பரப்பின் மேல் வண்டி ஏறி, குலுக்கல் அடங்கியதும் பின்னாலிருந்து அவள், "என்னங்க இது?" என்றாள்.

"உளுந்து."

"இது மாதிரியே தஞ்சாவூர் வரைக்கும் பரப்பச் சொல்லுங்களேன்."

அதன் பிறகு எங்கே உளுந்து பரப்பியிருக்கிறதோ அங்கெல்லாம் வேகத்தைக் குறைத்து, நடுவே ஓட்டினேன். ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள், இவ்வளவு மரியாதையாகத் தங்கள் உளுந்தை மிதித்துப்போகும் காரை அதிசயமாகப் பார்த்தார்கள். ஒரு நாள் சாலியமங்கலத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரை அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, துண்டு கையிலிருந்து நழுவி, உண்மையான தூக்கம். வாசலில் எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்குக்குப் போன் செய்து சொன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல சார், மஞ்சளைப் போடுங்கன்னு" என்றார்.

அவர் சொன்னது பச்சை. நான் திருத்தவில்லை.

மருத்துவரிடமும் ஸ்பிரிங் மாற்றியதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லது செஞ்சீங்க" என்றார். பிறகு புதிய படத்தை எடுத்து, விலா எலும்பு, இடுப்பு மூட்டு என்று பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில், "முடிஞ்ச வரைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றார். மாசியில் அவர் சொன்னது, விடாமல் தினம் வர வேண்டும் என்று. இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளும் அங்கேதான் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு காலை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. மன்னார்குடி ரயிலுக்கு என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியும் வரை இரண்டு பக்கமும் யாரும் நகர முடியாது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனது. எனக்கு முன்னால் ஒரு மினி லாரி, பின்னால் பஸ், அதற்கும் பின்னால் வரிசை. நான் இன்ஜினை அணைத்துவிட்டேன். கண்ணாடிகள் மூடியிருந்தன. கடலை விற்பவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வண்டி அசையாமல் நின்றது.

அப்போது அவள் முனகினாள்.

பின்னால் இருந்த பஸ் இடித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். அது ஓர் ஆள் நடந்துபோகும் இடைவெளியில் நின்றது. அதன் ஓட்டுநர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி முனகினாள். பள்ளத்தில் இறங்கும்போது வரும் அதே முனகல், அதே அளவு.

"வண்டி நிக்குதுல்ல?" என்றாள்.

"நிக்குது."

"கேட்டா?"

"கேட்டு. என்ஜின் மாத்தறாங்க."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், அடித்து என்ன பயன் என்று இன்னொருவர் திட்டினார்.

"அப்ப ரோடு இல்ல" என்றாள்.

எனக்கும் அது அவள் சொல்வதற்குச் சற்று முன்னால்தான் தெரிந்தது. இத்தனை நாளாகப் பள்ளத்தையும் மேட்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு, எந்த அடிக்கு எந்த முனகல் என்று பொருத்திப் பார்த்துவந்தேன். பொருத்த ஒன்றும் இல்லாத இடத்திலும் அது வந்தது. இதற்கு முன்பும் அப்படி வந்திருக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம்.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இந்தச் சுத்து முடிஞ்சிடும்."

"முடிஞ்சா?"

நான் கண்ணாடியில் பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தேன்.

"இந்த சுத்து முடிஞ்சா இன்னொரு எடத்துக்கு இன்னொரு சுத்து. அந்தம்மா பேனாவால தொட்டுக்கிட்டே போச்சே, பாத்தீங்கல்ல. திருப்புங்க."

"இப்ப திருப்ப முடியாது. பின்னால பஸ் நிக்குது. கேட்டைத் தாண்டித்தான் திருப்பணும்."

"அப்ப ரெண்டு தடவை தண்டவாளத்து மேல ஏறணும்."

"ஆமா."

"என்ன வண்டி ஓட்டறீங்க நீங்க" என்றாள். சிரிக்க முயன்றாள். "சரி, போங்க. எப்படிப் போனாலும் ஒண்ணுதான்."

கேட் திறந்தது. மினி லாரி போனது. நான் போனேன். பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அந்தப் பக்கம் ஒரு மூடிய கடையின் முன்னால் இடம் பார்த்து வண்டியைத் திருப்புவதற்குள் கேட் மறுபடி விழுந்துவிட்டது. இந்த முறை சரக்கு ரயில். மறுபடி இன்ஜினை அணைத்து, அதே இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஸ்பிரிங்கும் தடுக்காமல் நான் உட்கார்ந்திருந்த இருக்கை வரைக்கும் அந்த ரயிலின் அதிர்வு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்தபின், மருத்துவமனைக்குப் போன் செய்தேன். கரண்ட் வைக்கும் பிரிவில் பெயர் பதிகிற பெண் எடுத்தார். இன்றைக்கு வரவில்லை என்றேன்.

"இன்னைக்கு மட்டும் வரலையா சார், இனிமே வரலையா? சொன்னீங்கன்னா உங்க நேரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம். நிறையப் பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

அந்தப் பெண் குரலில் எந்தத் தவறும் இல்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கொடுத்துடச் சொல்லுங்க" என்றாள், திரும்பாமல்.

"இனிமே வரலைங்க" என்றேன்.

அந்தப் பெண் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். முதுகுக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள் அவள். இறக்கி வைத்தேன். அங்கே இல்லை, இன்னும் கீழே என்றாள். இன்னும் கீழே வைத்தேன். அதுவும் இல்லை என்றாள்.